புது பவுடர் ப்ளூ டாங் மீன், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, சாப்பிட மாட்டேன் என்கிறது – காப்பர் போடலாமா?

நங்கநல்லூர்_ரீஃப்:

வணக்கம். அவசரம், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை கொளத்தூரில் இரண்டு வகைக் கடல்மீன் வாங்கினேன்: ஒரு பவுடர் ப்ளூ டாங், ஒரு ஜோடி செபே க்ளவுன். டாங் இலங்கைச் சரக்கு, க்ளவுன் ராமேஸ்வரம் பக்கம் பிடித்தது என்றார் கடைக்காரர். நாலடி மெயின் டேங்கில் விடாமல் அதே ஹாலில் தனியாக ஒரு டேங்க் வைத்திருக்கிறேன். இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். 80 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. புது ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப். வெறும் கண்ணாடியாக இருந்தால் மீன் மிரளுமே என்று அடியில் கொஞ்சம் கோரல் மணலும் ஒளிந்துகொள்ள ஒரு கல்லும் போட்டேன். உப்பு 1.025 (ஒப்படர்த்தி). வெப்பம் 30 டிகிரி, அக்னி நட்சத்திரத்தில் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்.

நேற்று டாங்கின் துடுப்பில் ஐந்தாறு வெள்ளைப் புள்ளி. இன்று காலை உடம்பு முழுக்க. கல்லில் போய் உரசிக்கொண்டே இருக்கிறது. நோரி (காய்ந்த கடற்பாசித் தாள்) கட்டித் தொங்கவிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. க்ளவுன் இரண்டும் கொஞ்சம் வெளிறிப்போய் மேலேயே நிற்கின்றன, இடம் இன்னும் பழகவில்லை போல.

கடையில் கேட்டால் ஒரு நீல மருந்தைக் கொடுத்து இத்தனை சொட்டு விடு என்றார்கள். லேபிளில் உள்ளே என்ன இருக்கிறது என்றே போடவில்லை. இன்னும் ஊற்றவில்லை. காப்பர் மருந்து போடலாமா? எவ்வளவு? டாங்குக்குக் கொடுத்த காசை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஈசிஆர்_வாசி:

பதறாதீர்கள் ப்ரோ. பவுடர் ப்ளூ வாங்கினால் புள்ளி வராமல் இருக்காது. பூண்டை நசுக்கிச் சாறு எடுத்து அதில் நோரியை ஊறவைத்துக் கொடுங்கள், ஒரு யூவி லைட் மாட்டுங்கள். என் டேங்கில் நாலே நாளில் ஒரு புள்ளி இல்லாமல் போய்விட்டது. காப்பர் விஷம், அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்புறம் உப்புப் பாக்கெட் எதற்கு? கோவளத்தில் போய் நல்ல கடல் தண்ணீராகப் பிடித்து வந்து மாற்றுங்கள்.

உப்புத்தண்ணி:

தம்பி, முதலில் அந்த நீலப் பாட்டிலை மூடி வையுங்கள். உள்ளே என்ன என்று தெரியாததை ஊற்றிவிட்டால் அப்புறம் எதையும் அளக்க முடியாது.

சில விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். புள்ளி ரவையா, மைதாவா? லைட்டை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் தெரியும். தனித்தனியாக எண்ணுகிற மாதிரி இருந்தால் ரவை, அது இக் என்ற ஒட்டுண்ணி நோய். மாவு தூவியது போல உடம்பு மங்கித் தெரிந்தால் மைதா, அது வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். வெல்வெட் என்றால் காப்பர் வாங்கி வருவதற்குள் மீன் போய்விடலாம், அதனால்தான் கேட்கிறேன்.

அடுத்தது மூச்சு. செவுள் நிமிடத்துக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது? கண்ணால் எண்ண வராது. போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டி எண்ணுங்கள். மூன்று மீனுக்கும் தனித்தனியாக. அமோனியா எவ்வளவு என்றும் பாருங்கள்.

க்ளவுன் மேலேயே நிற்கிறது என்று போகிறபோக்கில் சொன்னீர்கள் பாருங்கள், டாங்கை விட எனக்கு அதுதான் இடிக்கிறது. உடம்பில் சளி மாதிரி ஏதாவது உரிகிறதா?

நங்கநல்லூர்_ரீஃப்:

அக்கா, நன்றி. ரவைதான், எண்ணிவிடலாம். டாங்கின் மூச்சு 90 பக்கம். க்ளவுன் இரண்டும் 140க்கு மேல், வாயைத் திறந்தபடியே நிற்கின்றன. டார்ச் அடித்த பிறகுதான் பார்த்தேன், பெரியதன் முதுகில் வெண்மையாக ஒரு படலம், வால் பக்கம் நூல் நூலாக உரிந்து தொங்குகிறது. சின்னதற்குக் கண்ணைச் சுற்றி மட்டும் லேசாக இருக்கிறது. அமோனியா 0.5 காட்டுகிறது.

உப்புத்தண்ணி:

சரி. இது இரண்டு வேறு நோய், இரண்டு வேறு மருந்து. நீங்கள் காசு கொடுத்த மீனையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். டாங்குக்கு ஓரிரு நாள் அவகாசம் இருக்கிறது. க்ளவுனுக்கு இன்று இரவுதான்.

க்ளவுனுக்கு வந்திருப்பது ப்ரூக்லினெல்லா. கடலில் பிடித்த க்ளவுனில் இது அடிக்கடி வரும், க்ளவுன் நோய் என்றே ஒரு பெயர் உண்டு. தோலிலும் செவுளிலும் ஊர்ந்தபடி அங்கேயே இரண்டு இரண்டாகப் பிரிந்து பெருகும் உயிரி. இக் போல மீனை விட்டு இறங்கி, கூடு கட்டி, திரும்பி வருகிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. அதனால் மாலையில் லேசாகத் தெரிந்தது மறுநாள் காலையில் மீனையே மூடியிருக்கும். காப்பருக்கு இது மசியாது. நீங்கள் 80 லிட்டரிலும் காப்பரைச் சரியாக அளந்து போட்டிருந்தாலும் டாங் பிழைத்திருக்கும், க்ளவுன் இரண்டும் போயிருக்கும், பழி காப்பர் மேல் விழுந்திருக்கும்.

இன்றிரவு செய்ய வேண்டியது: மெயின் டேங்குக்கு எடுத்து வைத்திருக்கும் உப்புத் தண்ணீரை வைத்து இந்த டேங்கின் தண்ணீரில் பாதியை மாற்றுங்கள், அமோனியா இறங்கட்டும். கடல் தண்ணீரின் பிஎச் 8க்கு மேல், நம் ஊர் வெப்பம் 30. இந்த இரண்டும் சேர்ந்தால் அதே 0.5 அமோனியா நன்னீர் டேங்கில் இருப்பதை விடப் பல மடங்கு விஷம். மெயின் டேங்க் சம்ப்பில் (வடிகட்டித் தொட்டியில்) பழைய ஸ்பான்ஜ் இருந்தால் ஒன்றை இங்கே கொண்டு வந்து போடுங்கள். புது ஸ்பான்ஜில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருக்காது, அது காற்றுக் குமிழி விடுவதோடு சரி.

அப்புறம் க்ளவுனுக்கு நன்னீர்க் குளியல். ஒரு வாளியில் பத்து லிட்டர் ஆர்ஓ தண்ணீர். வெப்பம் டேங்கில் இருப்பதே இருக்க வேண்டும். ஆர்ஓ தண்ணீரின் பிஎச் கீழே கிடக்கும், ஆப்ப சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு டேங்கின் பிஎச்சுக்குக் கொண்டு வாருங்கள். அரை மணி நேரமாவது காற்று ஓடட்டும். பிறகு மீனை விட்டு நாலைந்து நிமிடம், பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். ஒருக்களித்துப் படுக்கும், பயப்பட வேண்டாம். நிலை தடுமாறித் துள்ளிச் சுழன்றால் உடனே எடுத்துவிடுங்கள். இதனால் குணமாகாது, மேலே இருக்கும் சுமை குறைந்து மூச்சு விட முடியும். காலை வரை தாங்க அது போதும். குளியல் முடிந்ததும் அந்த இரண்டடி டேங்குக்குத் திருப்பி விடாதீர்கள். உணவு வைக்கும் தரத்தில் ஒரு நாற்பது லிட்டர் பிளாஸ்டிக் டப், புதுத் தண்ணீர், ஏர் ஸ்டோன், ஒரு பிவிசி எல்போ. அவ்வளவுதான் அதன் வீடு.

நாளை காலை ஃபார்மலின். பாரிமுனை கெமிக்கல் கடைகளில் 37 சதவீதக் கரைசலாகக் கிடைக்கும். பாட்டில் அடியில் வெள்ளையாக மாவு படிந்திருந்தால் வாங்காதீர்கள், அந்த வெள்ளைப் படிவு மீனைக் கொன்றுவிடும். குளிரான தண்ணீருக்குச் சொல்லும் அளவு நமக்கு ஆகாது. 30 டிகிரியில் லிட்டருக்கு 0.15 மில்லிக்கு மேல் போக வேண்டாம், அதாவது பத்து லிட்டர் உப்புத் தண்ணீருக்கு ஒன்றரை மில்லி, ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து. 45 நிமிடம். தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை ஃபார்மலின் இழுத்துவிடும், அதனால் ஏர் பம்ப் முழு வேகத்தில் ஓட வேண்டும். மின்சாரம் போனால் மீனை வெளியே எடுங்கள், யோசிக்காதீர்கள். கையுறை போட்டு, பால்கனியில் வைத்துச் செய்யுங்கள். அந்த ஆவி புற்றுநோய் வரவழைக்கும் வகை, வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கவனம். குளித்த மீன் மறுபடி புதுத் தண்ணீர் டப்புக்கு. இரண்டு நாள் கழித்துச் சளி மிச்சம் இருந்தால் இன்னொரு முறை.

இப்போது டாங். மணலையும் கல்லையும் இன்றைக்கே எடுங்கள். கோரல் மணல் சுண்ணாம்பு. காப்பர் அதில் போய் ஒட்டிக்கொண்டு தண்ணீரில் அளவு இறங்கிக்கொண்டே இருக்கும். இக் கூடு கட்டி ஒட்டுவதற்கும் அதுதான் வசதி. ஒளிவதற்குப் பிவிசி குழாய் போதும். டாங் அழகு பார்க்காது.

பூண்டு சொன்ன நண்பருக்கு: நாலு நாளில் புள்ளி போனது உண்மைதான். பூண்டு கொடுக்காவிட்டாலும் போயிருக்கும். கிரிப்டோகேரியான், அதாவது இக் உயிரி, மீனின் தோலுக்குள் மூன்று முதல் ஏழு நாள் இருந்து தின்றுவிட்டு, பெரும்பாலும் இரவில், தானாகக் கழன்று அடியில் விழுகிறது. அங்கே கூடு கட்டி உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிகிறது. குஞ்சுகள் விடியும் முன் இருட்டில் வெளிவந்து மீனைத் தேடுகின்றன. மீன் தூங்கும் இடம் அதன் நேர் மேலே. வெப்பம் கூடினால் இந்தச் சுற்று இன்னும் வேகம். புள்ளி இல்லாத அந்த இடைவெளியில்தான் எல்லோரும் மீனை மெயின் டேங்குக்கு மாற்றுகிறார்கள்.

காப்பர் கொல்வது அந்த நீந்தும் குஞ்சை மட்டும்தான். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. அதனால்தான் அளவு குறையாமல் 30 நாள் வைக்கச் சொல்வது. 14 நாள் முழு அளவில் வைத்துவிட்டுக் கழுவி உலர்த்திய வேறு டேங்குக்கு மாற்றுவதும் ஒரு வழி. நாள் கணக்கு மருந்து ஊற்றிய அன்று தொடங்குவதில்லை, அளவு எட்டிய அன்றுதான் தொடங்குகிறது. நடுவில் ஒரு நாள் இறங்கினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

எந்தக் காப்பர் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். காப்பர் பவர் என்ற பிராண்ட் போன்ற கட்டிய காப்பர் (வேறொரு சேர்மத்தோடு பிணைத்தது) என்றால் 2.25 முதல் 2.5 பிபிஎம், அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். கியூப்ரமின் என்ற பிராண்ட் என்றால் 0.5. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதலாவது கிடைத்தால் அதை வாங்குங்கள், சாப்பிடாத டாங்குக்கு அது கொஞ்சம் இரக்கமானது. இரண்டு நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். கையோடு ஹன்னா செக்கரும் (காப்பரை அளக்கும் மின்னணுக் கருவி) வேண்டும், 5 பிபிஎம் வரை அளக்கும் வகை. நிறம் பார்த்து ஒப்பிடும் அட்டையில் 2.0க்கும் 2.5க்கும் வித்தியாசம் தெரியாது. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், டியூப் லைட்டில் ஒரு எண், வெயிலில் ஒரு எண் வரும்.

கடைசியாக ஒன்று. காப்பர் போட்ட பிறகு அமோனியா ஏறினால், அமோனியாவைக் கட்டும் கண்டிஷனரை அதில் ஊற்றாதீர்கள். அவற்றில் பல காப்பரை வேறு வடிவத்துக்கு மாற்றி இன்னும் கடுமையான விஷம் ஆக்கிவிடும். தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

கோவளம் தண்ணீரைப் பற்றி வேறொரு நாள் சண்டை போடலாம்.

அடையாறு_ஆமை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அந்தக் கல் என்ன கல்? பவளப் பாறைத் துண்டாக இருந்தால் வேறு வம்பு. பாறை கட்டும் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடைக்காரர் கொடுத்தார் என்பது பதில் ஆகாது. செராமிக் கல் என்றால் சரி.

மதுரை_மீன்தொட்டி:

அக்கா, இங்கே அந்த பிராண்ட் காப்பர் எதுவும் கிடைப்பதில்லை. ஆன்லைனில் போட்டால் வர ஒரு வாரம், விலை மீனை விட அதிகம். நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் மலிவாகக் கிடைக்கிறதே. அதுவும் காப்பர்தானே? ஒரு சிட்டிகை போட்டால் ஆகாதா?

உப்புத்தண்ணி:

காப்பர்தான். சிட்டிகைதான் பிரச்சினை.

மயில்துத்தத்தில் கால் பங்குக்குச் சற்று மேல் காப்பர். கட்டாத காப்பருக்கு வேண்டிய அளவு 0.15 முதல் 0.20 பிபிஎம். இவருடைய 80 லிட்டருக்கு 0.20 வேண்டும் என்றால் 16 மில்லிகிராம் காப்பர், அதாவது 63 மில்லிகிராம் மயில்துத்தம். சமையலறைத் தராசில் அது காட்டவே காட்டாது. உங்கள் சிட்டிகை அரை கிராம் இருக்கும், எட்டு மடங்கு.

அதனால் நேராகப் போடக் கூடாது. நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் 3.93 கிராம் நிறுத்து ஒரு லிட்டர் வாலை வடிநீரில் கரைத்தால் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் காப்பர். 80 லிட்டருக்கு 16 மில்லி. கணக்கு இவ்வளவு எளிது. ஆனால் அதோடு முடியாது. கட்டாத காப்பர் கடல் தண்ணீரில் கார்பனேட்டோடு சேர்ந்து படிந்துகொண்டே போகும். காலையில் 0.20, மாலையில் 0.14. பிபிபி கணக்கில் (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளக்கும் கருவியோடு காலையும் மாலையும் அளந்து ஈடுகட்ட வேண்டும். 0.15க்குக் கீழே வேலை செய்யாது, 0.25ஐத் தாண்டினால் டாங்குக்கு ஆகாது. இடைவெளி அவ்வளவு குறுகல். வேண்டியது ஆய்வகத் தரக் காப்பர் சல்பேட். வயலுக்கு அடிக்கும் சரக்கில் வேறு என்னென்ன உலோகம் இருக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இதெல்லாம் முடியாது என்றால் மருந்தே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. இரண்டு டப் வாங்குங்கள். மீனை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுங்கள், நாலு முறை. ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர். காலியான டப்பைக் கழுவி வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். தோலிலிருந்து கழன்று விழுந்தது குஞ்சு பொரிக்கும் முன் மீன் அங்கே இருக்காது. மதுரை வெயில் இதற்கென்றே செய்தது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், இது இக்குக்கு மட்டும்தான். வெல்வெட்டுக்கும் ப்ரூக்லினெல்லாவுக்கும் பலிக்காது. அதனால் ரவையா மைதாவா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நங்கநல்லூர்_ரீஃப்:

எல்லோருக்கும் நன்றி, நிலவரம் சொல்கிறேன். பெரிய க்ளவுன் குளியலுக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்தது, ஆனால் விடிவதற்குள் போய்விட்டது. சின்னது ஃபார்மலின் இரண்டு முறை பார்த்துவிட்டது. இப்போது சளி இல்லை, மூச்சு 80. மார்க்கெட்டில் வாங்கிய இறாலை மிளகு அளவு நறுக்கிப் போட்டேன், எதிரே வந்து பிடுங்குகிறது.

டாங்குக்கு மணல், கல் எடுத்தாகிவிட்டது (செராமிக் கல்தான், ஆமை சார்). காப்பர் இன்று 2.31. முதுகில் ஒன்றிரண்டு புள்ளி. நோரியை நேற்றிலிருந்து கிழிக்கத் தொடங்கியிருக்கிறது. தண்ணீர் மேல் ஒரு டேபிள் ஃபேன் திருப்பி வைத்தேன், 28 டிகிரிக்கு இறங்கிவிட்டது.

மூன்று கேள்வி. சின்ன க்ளவுனை இப்போது மெயின் டேங்கில் விடலாமா? கியூடிக்கு (இந்தத் தனி டேங்குக்கு) போட்ட வலையை மெயினிலும் ஒருமுறை போட்டிருக்கிறோம், வீட்டில் யாரோ. மெயினுக்கும் கியூடிக்கும் இடையில் நாலடிதான் தூரம், போதுமா?

உப்புத்தண்ணி:

பெரியது போனது வருத்தம்தான். செவுளில் அவ்வளவு ஏறிய பிறகு பல சமயம் தாங்காது.

சின்னதை விடக் கூடாது. அது சனிக்கிழமையிலிருந்து டாங்கோடு ஒரே தண்ணீரில் இருந்திருக்கிறது, இக் அதன் மேலும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் ஓரிரு நாள் டப்பில் நன்றாகச் சாப்பிடட்டும், பிறகு டாங் இருக்கும் டேங்குக்கே மாற்றி விடுங்கள். டப்பிலேயே காப்பரைப் படிப்படியாக ஏற்றிவிட்டு மாற்றுங்கள், நேராக 2.3இல் போடாதீர்கள். மாற்றிய நாளிலிருந்து இரண்டுக்கும் சேர்த்து 30 நாள். டாங்குக்கு ஒரு வாரம் கூடுதலாகப் போகும், பரவாயில்லை.

வலை: இனி இரண்டு வலை, இரண்டு டியூப், இரண்டு வாளி. கியூடி சாமானுக்குச் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள், வீட்டில் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள். ஏற்கெனவே போட்டதற்கு இப்போது மருந்து எதுவும் வேண்டாம். மெயினில் இருக்கும் மீன்களைத் தினமும் தீனி போடும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஒரு புள்ளி தெரிந்தாலும் எல்லா மீனையும் எடுத்துக் காப்பரில் வைத்துவிட்டு, மெயினை மீனே இல்லாமல் 76 நாள் விட வேண்டிவரும். இக் கூடு அதிகபட்சம் 72 நாள் வரை உயிரோடு இருந்தது பதிவாகியிருக்கிறது, அந்தக் கணக்கு. இறாலும் நத்தையும் மெயினிலேயே இருக்கலாம், அவற்றுக்கு இக் ஒட்டாது.

தூரம்: நாலடி போதாது. குமிழி உடையும்போது தெறிக்கும் திவலையில் வெல்வெட் காற்றிலேயே 3 மீட்டர் வரை போய்ப் பிடித்ததை ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். உங்களுடையது வெல்வெட் இல்லை என்றாலும் அடுத்த மீனுக்கு அது இருக்கலாம். அதோடு நீங்கள் டேபிள் ஃபேன் வேறு வைத்திருக்கிறீர்கள். காற்று மெயின் பக்கம் அடிக்கிறதா என்று போய்ப் பாருங்கள், முதல் வேலையாக ஃபேனைத் திருப்புங்கள். முடிந்தால் அடுத்த அறைக்கே கொண்டு போய்விடுங்கள். ஃபேன் ஓடுவதால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும், தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி 1.025க்குக் கொண்டு வாருங்கள்.

30 நாள் முடிந்ததும் கார்பன் போட்டு, தண்ணீர் மாற்றி, காப்பர் பூஜ்யம் ஆன பிறகு ப்ராசிகுவான்டல் என்ற புழு மருந்து, லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. செவுளில் இருக்கும் புழு முட்டைக்கு முதல் முறை மருந்து ஏறாது, பொரித்து வந்ததைப் பிடிக்கத்தான் இரண்டாவது. மாத்திரைப் பொடி தண்ணீரில் சுலபமாகக் கரையாது. ஒரு மூடிய பாட்டிலில் டேங்க் தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். அன்றைக்கு ஏர் பம்ப் கூடுதலாக ஒன்று ஓடட்டும்.